லினக்ஸில் தமிழ்ப் புத்தக வேலை: தினமும் எதை வைத்து ஓட்டுகிறீர்கள்?

16 அக்டோபர் 2025, கேள்வி

புத்தகங்களுக்குப் புரூஃப் பார்ப்பது என் தொழில். 2016இல் வாங்கிய லேப்டாப், 4 ஜிபி ராம். விண்டோஸ் 10க்கு 14ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது. 11 இதில் ஏறாது என்கிறது. லினக்ஸ் போடலாமா என்று கேட்டால், "அதில் தமிழ் வேலை ஆகாது" என்று அச்சகத்தில் ஒரே போடாகப் போடுகிறார்கள். நிஜமாகவே லினக்ஸில் தமிழ்ப் புத்தக வேலை செய்கிறவர்கள் இருந்தால் எதெதைப் பயன்படுத்துகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

16 அக்டோபர் 2025, இரவு

ஆகும். ஒன்பது வருடமாக எனக்கு ஆகிக்கொண்டுதான் இருக்கிறது. சிவகாசிப் பக்கம் வீட்டிலேயே உட்கார்ந்து சின்னப் பதிப்பகங்களுக்குப் பக்கம் கட்டித் தருகிறேன்.

லினக்ஸ் வகைகளில் லினக்ஸ் மின்ட், எழுத லிப்ரே ஆபீஸ் ரைட்டர், உலாவிக்கு ஃபயர்ஃபாக்ஸ், பிடிஎஃப் பார்க்க ஒகுலர், அட்டைக்கு இங்க்ஸ்கேப். அவ்வளவுதான். விண்டோஸ் தேவையே இல்லை.

17 அக்டோபர் 2025

நேற்று தூக்கக் கலக்கத்தில் எழுதிவிட்டேன். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில், அவசரம் இல்லை. விண்டோஸ் 10க்கு நீட்டிப்புப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு வேலை குவிந்திருக்கிற நேரத்தில் கணினியைப் பிரித்துப் போடாதீர்கள். பென்டிரைவில் மின்ட்டை ஏற்றி, எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, பிரிண்டர் தெரிகிறதா, கீபோர்டில் எல்லா விசையும் வேலை செய்கிறதா என்று இரண்டு நாள் பாருங்கள். 4 ஜிபி ராமுக்கு மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போதும். காசு செலவழிக்க மனம் இருந்தால் பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி போடுங்கள். எந்த மென்பொருளும் தராத வேகத்தை அது தரும்.

18 அக்டோபர் 2025

தட்டச்சு பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதில்தான் முதல் நாளே பலர் வெறுத்துப்போய்த் திரும்பிவிடுகிறார்கள்.

லினக்ஸின் கீபோர்டு அமைப்பைத் திறந்தால் தமிழ் என்று நாலைந்து இருக்கும். அதில் தமிழ்99 என்கிற விசைமுறையின் பெயரைப் பார்த்ததும் ஆசையாகச் சேர்த்துவிடாதீர்கள். அது விசைக்கு ஓர் எழுத்து என்கிற கணக்கு. முந்தின எழுத்தைப் பார்த்து அதற்குத் தானாகப் புள்ளி வைக்க அதற்குத் தெரியாது. தமிழ்99இன் சுகமே அந்தத் தானியங்கிப் புள்ளிதான். அ, ம, ம, ஆ என்று நாலு விசை தட்டினால் "அம்மா" வந்து நிற்க வேண்டும். அதற்கு ஐபஸ் என்கிற உள்ளீட்டு முறையும், அதோடு எம்17என் என்கிற தொகுப்பும் வேண்டும். அந்தத் தொகுப்பில் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சு எந்திர முறை எல்லாம் இருக்கின்றன. இலங்கை நண்பர்களுக்கு ரெங்கநாதன் விசைமுறையும் உண்டு.

நான் பாமினி என்கிற பழைய எழுத்துருவின் விசைகளில் கை பழகியவன். அதில் "தமிழ்" என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. தமிழ்99இல் எல், கே, எஸ், சாய்கோடு, எஃப். இரண்டிலும் கே விசையில் "ம" உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். மாறிய முதல் வாரம் எனக்கு ஆறுதலாக இருந்தது அந்த ஒரு எழுத்துதான். மூன்று வாரத்தில் கை திரும்பிவிட்டது.

18 அக்டோபர் 2025, அரை மணி கழித்து

முக்கியமானதை விட்டுவிட்டேன். எம்17என் தொகுப்பை நீங்கள்தான் தனியாக நிறுவ வேண்டும். நிறுவிவிட்டு ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். இதைச் செய்யாமல் "தமிழே வரவில்லை" என்று எனக்குப் போன் செய்தவர்கள் மூன்று பேர். மூன்றாவது ஆள் என் தம்பி.

23 அக்டோபர் 2025

தீபாவளி முடிந்தது. காதில் இன்னும் சத்தம் நிற்கவில்லை.

லிப்ரே ஆபீஸில் பத்திப் பாணியைத் திறந்து எழுத்தளவை 11 ஆக்கினேன், தமிழ் அசையவே இல்லை என்கிறீர்கள். அசையாது. ஆங்கிலம் முதலியவற்றுக்கு ஒரு எழுத்துரு, தமிழ், இந்தி, அரபு போன்ற கூட்டெழுத்து மொழிகளுக்கு ஒரு எழுத்துரு என்று அது தனித்தனியாக வைத்துக்கொள்கிறது. பாணியின் எழுத்துருப் பக்கத்தில் இரண்டுக்கும் தனித்தனி இடம் இருக்கும். நீங்கள் ஆங்கிலத்தின் அளவை மாற்றியிருக்கிறீர்கள். மொழி அமைப்பிலும் கூட்டெழுத்து மொழி இந்தி என்று இருந்தால் அதைத் தமிழாக்கிவிடுங்கள். பிழைதிருத்தி அகராதி அப்புறம்தான் எட்டிப் பார்க்கும்.

அந்தப் பிழைதிருத்தியிடம் ரொம்ப எதிர்பார்க்காதீர்கள். அதன் உள்ளே ஓடும் ஹன்ஸ்பெல் ஹங்கேரி மொழிக்காகப் பிறந்தது. அதுவும் ஒட்டு மேல் ஒட்டு போடும் மொழிதான். ஆனாலும் தமிழில் "போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து" என்று நாம் எழுதினால் அகராதி என்ன செய்யும், பாவம். பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு. நான் அதை அணைத்துவிட்டு, சந்திக்கு நாவியும் எழுத்துப்பிழைக்கு வாணியும் உலாவியில் திறந்து வைத்துக்கொள்கிறேன். உலாவியில் ஓடுவதற்கு லினக்ஸ் என்ன, விண்டோஸ் என்ன.

25 அக்டோபர் 2025

விம் எடிட்டர் கற்றுக்கொள்ளலாமா என்று கேட்ட நண்பருக்கு: தமிழ்99 ஓடிக்கொண்டிருக்கும்போது விம்மிலிருந்து வெளியேற முக்காற்புள்ளி தட்டி கியூ தட்டினால் "ஆ" என்று வரும். விம்மில் மாட்டிக்கொண்டவன் வாயில் வருவதும் அதுதான்.

கேட் எடிட்டரைப் பயன்படுத்துங்கள்.

2 நவம்பர் 2025

லதா. இந்த எழுத்துருவால் நான் பட்டதை எழுதித்தான் ஆக வேண்டும்.

ஒரு நாவல், டெமி அளவு. ஆசிரியர் விண்டோஸில் வேர்டில் அடித்துத் தானே பக்கமும் அமைத்து அனுப்பியிருந்தார். அவர் கணினியில் சரியாக 160 பக்கம், அதாவது பதினாறு பதினாறாகப் பத்து ஃபாரம். நான் திறந்தால் 167. லதா என்னிடம் இல்லை, இருக்கவும் செய்யாது, அது விண்டோஸோடு வருவது. லிப்ரே ஆபீஸ் சத்தமே போடாமல் கையில் இருந்த வேறு தமிழ் எழுத்துருவை எடுத்துப் போட்டுவிட்டது. வரி கொஞ்சம் உயரம், எழுத்து கொஞ்சம் அகலம். ஏழு பக்கம் வழிந்து பதினோராவது ஃபாரத்துக்குள் போய்விட்டது. நான் இதைக் கவனிக்காமல் "167 பக்கம்" என்று பதிப்பாளரிடம் சொல்ல, அவர் காகிதக் கணக்கு மாறி ஆசிரியரைக் கூப்பிட, ஆசிரியர் என்னைக் கூப்பிட, அன்று மாலை முழுக்க மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம்.

ஆங்கிலத்துக்கு இந்தப் பிரச்சினை பெரும்பாலும் இல்லை. ஏரியலுக்கும் டைம்ஸுக்கும் அதே அகலத்தில் லிபரேஷன், காலிப்ரிக்குக் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குக் காலடியா என்று அளவெடுத்துத் தைத்த மாற்றுகள் இருக்கின்றன. லதாவுக்கு அப்படி ஒன்று என் கையில் கிடைக்கவில்லை.

இப்போது நான் செய்வது: ஃபைல் வந்தவுடன், கூடவே பிடிஎஃப் ஒன்றும் கேட்டு வாங்கிவிடுவேன். பிடிஎஃப் கண்ணுக்கு, வேர்டு ஃபைல் கைக்கு. பக்கம் கட்டுவது என் வேலை என்றால், முதல் வேலையாக எல்லாவற்றையும் நோட்டோ செரிஃப் தமிழ் என்கிற எழுத்துருவுக்கு மாற்றிவிட்டுத்தான் பக்கக் கணக்கைப் பற்றி வாயைத் திறப்பேன். உங்களுக்குப் புரூஃப் மட்டும்தானே. பிடிஎஃபாகவே கேளுங்கள். ஒகுலரில் கோடிட்டுக் குறிப்பு எழுதி, அந்த ஃபைலிலேயே சேமித்து அனுப்பலாம். கையால் குறி போட்டே பழகியவர் என்றால், பிடிஎஃப் மேல் கையால் எழுத விடும் ஜர்னல்++ நல்லது. ஒரு சின்னப் பேனாப் பலகை இருந்தால் சிவப்பு மையில் திருத்துகிற சுகம் அப்படியே கிடைக்கும்.

9 நவம்பர் 2025

மென்பொருள் எதுவானாலும் தமிழ் வேலையில் சிக்குகிற ஒரு முடிச்சு இருக்கிறது.

போன வருடம் ஒரு நாவலில் ஊர்ப் பெயரை மாற்றச் சொன்னார்கள். நிஜ ஊர், வம்பு வேண்டாம் என்று. "கொட்டாம்பட்டி" எங்கே இருந்தாலும் வேறு பெயர். தேடி மாற்று என்று கொடுத்தேன், 61 இடம் மாறியது. சரி என்று அனுப்பிவிட்டேன். ஆசிரியர் படித்துவிட்டு "இன்னும் அங்கங்கே கொட்டாம்பட்டி இருக்கிறதே" என்றார். மறுபடியும் தேடினேன். இல்லை என்கிறது. கண் முன்னால் இருக்கிறது, கணினி இல்லை என்கிறது. லினக்ஸின் தேடல் கட்டளையான கிரெப் போட்டாலும் இல்லை. மனைவியைக் கூப்பிட்டு "இது என்ன வார்த்தை, வாசி" என்றேன். கொட்டாம்பட்டி என்றுதான் வாசித்தாள். என்னை ஒரு மாதிரியாகவும் பார்த்தாள்.

விஷயம் இதுதான். "கொ" என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும். க-வோடு "ொ" என்று ஒரே குறி. அல்லது க, பிறகு ஒற்றைக் கொம்பு, பிறகு தனியாகக் கால். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அந்த நாவலில் பாதி பாமினியிலிருந்து மாற்றப்பட்டது. பாமினியில் கொம்பும் காலும் தனித்தனி விசைகள். மாற்றிக் கொடுத்த கருவி அவற்றை அப்படியே தனித்தனியாக விட்டுவிட்டது. 22 கொட்டாம்பட்டி அப்படி ஒளிந்திருந்தது.

லினக்ஸில் இதற்கு மருந்து சுலபம். ஐசியு என்கிற யூனிகோடு கருவித் தொகுப்போடு யூகான்வ் என்று ஒரு கட்டளை வரும். எழுத்து மட்டும் உள்ள ஃபைலை அதில் என்எஃப்சி (சேர்த்து எழுதும் வடிவம்) என்று சொல்லி ஒருமுறை விட்டு எடுத்தால், பிரிந்து கிடக்கும் கொம்பும் காலும் சேர்ந்துவிடும். எல்லாம் சரியாகிவிடும். இப்போது எந்தக் கையெழுத்துப்படி வந்தாலும் முதலில் அந்தக் குளியல்தான்.

10 நவம்பர் 2025

"எல்லாம் சரியாகிவிடும்" என்று நேற்று எழுதியது தவறு. சுட்டிக்காட்டிய நண்பருக்கு நன்றி, கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு.

ஔகாரம் சரியாகாது. "கௌரவம்" என்பதைப் பலர் கொம்பு போட்டு, பக்கத்தில் ள-வைப் போட்டு "கெளரவம்" என்று அடிக்கிறார்கள். "ஔவை"யை "ஒளவை" என்கிறார்கள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் கணினிக்கு அது உண்மையான ள, எழுத்துப் பிழை. யூனிகோடில் ஔகாரச் சிறகுக்குத் தனிக் குறி உண்டு, அது ள அல்ல. அதனால் யூகான்வ் அதைத் தொடாது, தொடவும் கூடாது.

அப்படியானால் கொம்பு, ள சேர்ந்து வருகிற இடத்தையெல்லாம் நாமே மாற்றிவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. செய்துவிடாதீர்கள், "வெள்ளம்", "தெளிவு" எல்லாம் சிதைந்துபோகும். ள-வுக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் விட்டுவிடு என்று நிபந்தனை போட்டேன். அதில் அவை தப்பித்தன. ஆனால் அந்த நாவலில் பேச்சு வழக்கு அதிகம். "கெளம்பு", "வெளங்கல", "வெளயாட்டு". அத்தனையும் கௌம்பு, வௌங்கல, வௌயாட்டு ஆகிவிட்டன. கடைசியில் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத்தான் திரும்ப மாற்றினேன்.

16 நவம்பர் 2025

"விண்டோஸ் தேவையே இல்லை" என்று முதல் நாள் எழுதியதை ஒருவர் பிடித்துக்கொண்டார். "உங்கள் வீட்டுக்கு வந்தபோது மூலையில் ஒரு விண்டோஸ் எக்ஸ்பி கணினி துணி போர்த்தி இருந்ததே, அது என்ன?" என்று கேட்கிறார்.

அது பேஜ்மேக்கர் என்கிற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளுக்காக. போதுமா?

பழைய புத்தகங்களை மறுபதிப்பு போடுகிறவர்கள் பேஜ்மேக்கர் ஃபைலைத்தான் தருவார்கள். பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இல், அதோடு அந்த மென்பொருள் நின்றுவிட்டது. யூனிகோடுத் தமிழ் அதற்குத் தெரியாது, பாமினி வகை எழுத்துருக்கள்தான். விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓட்டுகிற வைன் வழியாக ஓட்டிப் பார்த்தேன். என் கணினியில் ஓடியது, ஆனால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. அதனால் அந்த ஒரு கணினியை வைத்திருக்கிறேன். நெட் இணைப்பு கிடையாது.

இன்னொன்றும் ஒத்துக்கொள்கிறேன். இன்டிசைன் என்கிற பக்க வடிவமைப்பு மென்பொருளின் ஃபைலாகத்தான் வேண்டும் என்று கேட்கிற பதிப்பகங்களின் வேலையை நான் எடுப்பதில்லை. லினக்ஸில் அது ஓடாது, அதன் ஃபைலைத் திறந்து திருத்தி அதே வடிவில் திருப்பித் தர வழியும் இல்லை. இதனால் போகிற வருமானம் போகிறதுதான். உங்களிடம் யாராவது இன்டிசைனிலேயே திருத்தம் ஏற்றச் சொல்கிறார்கள் என்றால் விண்டோஸை முழுசாக அழித்துவிடாதீர்கள்.

18 நவம்பர் 2025

மறுபடியும் திருத்தம். லிப்ரே ஆபீஸ் டிராவில் பேஜ்மேக்கர் ஃபைல் நேராகத் திறக்கும் என்று ஒருவர் எழுதியிருந்தார். நம்பாமல் திறந்தேன். திறக்கிறது! பக்க அமைப்பு குத்துமதிப்பாகத்தான் வருகிறது, ஆனால் எழுத்து முழுசாக வருகிறது. அதை எடுத்துப் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றி, முன்பு சொன்ன குளியலையும் போட்டால் வேலை முடிந்தது. இத்தனை வருடம் அந்தப் பழைய பெட்டியைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தேன்.

பெட்டியைத் தூக்கிப் போடவில்லை. மூலப் பக்கம் எப்படி இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா. இப்படிச் சொல்லித்தான் வீட்டில் சமாளித்திருக்கிறேன்.

28 நவம்பர் 2025

பேக்கப். மின்ட்டில் டைம்ஷிஃப்ட் இருக்கிறது, தினமும் தானாக ஓடுகிறது, எனக்கென்ன கவலை என்று இருந்தேன். மின்ட் 22 வந்தபோது டிஸ்கை அழித்துப் புதிதாக நிறுவினேன். வெளி டிஸ்கில் இருந்த டைம்ஷிஃப்டைத் திறந்து பார்த்தால், இயங்குதளம் அத்தனையும் பத்திரமாக இருக்கிறது. என் ஃபைல்கள் ஒன்றுகூட இல்லை. டைம்ஷிஃப்ட் இயல்பாக இயங்குதளத்தை மட்டும்தான் காப்பாற்றும், நம் வீட்டுக் கோப்புறையைத் தொடாது. அதன் அமைப்பிலேயே எழுதியிருக்கிறது. படித்தால்தானே.

மூன்று மாத வேலை. வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியிருந்த பிடிஎஃப்களிலிருந்து எழுத்தை எடுக்கலாம் என்று பார்த்தால், பிடிஎஃபிலிருந்து நகலெடுத்த தமிழ் எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும், கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம். கடைசியில் பக்கங்களைப் படமாக்கி டெசராக்ட்டில் விட்டு எழுத்தாக்கினேன். சுத்தமான அச்சு என்பதால் நன்றாகவே படித்தது. ஆனாலும் காலையும் ர-வையும் மாற்றி மாற்றிப் போடும், அதைத் திருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கையில் ஒரே ஒரு பழைய புத்தகம்தான் என்றால் கூகுள் டாக்ஸில் படத்தைத் திறந்து எழுத்தாக்குவது எனக்கு இதைவிட நன்றாக வருகிறது. ஐம்பது அறுபது பக்கம் வரிசையாக, நெட் இல்லாமல் என்றால் டெசராக்ட்.

இப்போது ராத்திரி பத்து மணிக்கு ஆர்சிங்க் ஓடி வீட்டுக் கோப்புறையை வெளி டிஸ்குக்கு நகலெடுக்கிறது. மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு ஃபைலை அங்கிருந்து திறந்தும் பார்க்கிறேன்.

7 டிசம்பர் 2025

பிரிண்டர்: ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் மேஜையில் இருக்கும் டிரைவர் நிறுவினால்தான் ஓடும் அந்தச் சின்ன லேசர் பிரிண்டரை நம்பி லினக்ஸுக்கு வராதீர்கள். வாங்குவதானால் டிரைவரே கேட்காத, வைஃபையில் ஃபோனிலிருந்தே அச்சடிக்கிற வகை வாங்குங்கள். அது லினக்ஸிலும் பெரும்பாலும் தானாகவே தெரியும்.

21 டிசம்பர் 2025

அட்டை வேலை பற்றிக் கேட்டவருக்கு, தாமதத்துக்கு மன்னிக்கவும், புத்தகக் காட்சி அவசரம். இங்க்ஸ்கேப்பில் வரைகிறேன். ஆனால் அது தருவது ஆர்ஜிபி, அதாவது திரைக்கான நிறங்கள் கொண்ட பிடிஎஃப். அச்சகத்தில் சிஎம்ஒய்கே, அதாவது அச்சுக்கான நாலு மை நிறங்கள் கேட்பார்கள். கூடவே "எழுத்தையெல்லாம் கர்வ் பண்ணிக் குடுங்க" என்பார்கள். அதனால் இங்க்ஸ்கேப்பில் எழுத்தைப் பாதையாக மாற்றி, படத்தை ஸ்கிரைபஸ் என்கிற பக்க வடிவமைப்பு மென்பொருளுக்குள் கொண்டுபோய், அங்கே நிறங்களைச் சரிசெய்து சிஎம்ஒய்கே பிடிஎஃபாக எடுக்கிறேன். முக்கியமாகக் கறுப்பு. ஆர்ஜிபி கறுப்பு மாறும்போது நாலு மையும் கலந்த கறுப்பாகிவிடும். பின்னட்டைச் சின்ன எழுத்தில் ஒரு மை இன்னொன்றின்மேல் மயிரிழை விலகி விழுந்தாலும் நிழல் தட்டும். உள்பக்கம் ஒற்றை மைதான், அங்கே இந்தத் தலைவலி இல்லை.

ஸ்கிரைபஸின் பழைய 1.4 தொடரில் தமிழ் சிதறிவிடும். அதைப் பார்த்துவிட்டு இன்னமும் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 1.5 தொடரில் அதைச் சரிசெய்தார்கள். இப்போதைய 1.6இல் எனக்குச் சிக்கல் இல்லை. முழுப் புத்தகத்தையும் அதில் கட்டலாமா என்றால், நான் கட்டுவதில்லை. 300 பக்கத்துக்கு ரைட்டரே கைக்கு வாகாக இருக்கிறது. அடிக்குறிப்பு நிறைந்த ஆய்வு நூல் என்றால், கட்டளைகளாக எழுதிப் பக்கம் கட்டும் டெக் வகையைச் சேர்ந்த ஸீலாடெக். தமிழ்ச் சொல்லை வரி முடிவில் எங்கே உடைக்கலாம் என்ற விதிகள் டெக் தொகுப்போடே வருகின்றன. ஆனால் ஆசிரியர் கடைசி நேரத்தில் "நானே ஒரு பத்தி சேர்த்துத் தருகிறேன், ஃபைலை அனுப்புங்கள்" என்றால், டெக் ஃபைலை அனுப்பிப் பாருங்கள் ஒருமுறை.

11 ஜனவரி 2026

கேள்வி கேட்டவர் மின்ட் போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறார். விண்டோஸையும் பக்கத்தில் வைத்திருக்கிறாராம், நல்லது. ஒகுலரில் முதல் புரூஃபை முடித்து அனுப்பினாராம். குறிப்பெல்லாம் பதிப்பகத்தில் சரியாகத் தெரிந்ததாம். தமிழ்99 தான் இன்னும் கை வரவில்லை என்கிறார். வரும்.

என் பக்கம்: அந்தக் கொட்டாம்பட்டி நாவல் அச்சாகி வந்துவிட்டது. நேற்று ஒரு பிரதி கைக்கு வந்தது. சும்மா புரட்டினேன். 112ஆம் பக்கம், கீழேயிருந்து நாலாவது வரி: "சரிடா, நான் கௌம்புறேன்."

ஆசிரியர் இன்னும் பார்க்கவில்லை.